இலவசக் குடையின் விலை

தூத்துக்குடித் துறைமுகத்திலே, நூறாண்டுகளுக்கு முன்பு, ஒரு வேடிக்கை நடந்தது. கொழும்புக்குக் கப்பலேற மூட்டை முடிச்சுகளுடன் வந்து நின்ற ஏழை எளியவரைப் பார்த்து, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, "வாருங்கள், ஏறுங்கள், கட்டணம் வேண்டாம்" என்று அழைத்தது. அழைத்ததோடு நிற்கவில்லை, ஏறியவருக்கு ஆளுக்கொரு குடையும் இலவசமாகத் தந்தது!

வெயிலில் வாடுவோர்மீது வெள்ளைக்காரக் கம்பெனிக்குத் திடீரென்று இரக்கம் சுரந்துவிட்டதா? கணக்கெழுதுபவன் கணக்கை மறந்துவிட்டானா? கடல் வணிகத்தைக் கைவிட்டு அறச்சாலை திறந்துவிட்டார்களா? இல்லை, தோழர்களே, இல்லை! அந்தக் குடை வெயிலைத் தடுக்கத் தந்த குடையன்று, வ. உ. சிதம்பரனாரின் கப்பல் கம்பெனிமீது ஒரு துளி வருவாயும் விழாதபடி தடுக்க விரித்த குடை!

1906-ம் ஆண்டில் சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்குகள், 10 இலட்சம் ரூபாய் மூலதனம் என்பது திட்டம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே உள்ள கடல், அதுவரை வெள்ளைக் கம்பெனியின் வீட்டுக் கொல்லைபோல இருந்துவந்தது. கொல்லைக்குள் மற்றொருவன் கால் வைக்கலாமா? முதலில், சிதம்பரனாருக்கு வாடகைக்குக் கப்பல் கொடுத்தவரை நெருக்கினார்கள், குத்தகை முறிந்தது. அவர் இலங்கையிலிருந்து வேறு கப்பல் பேசினார். பிறகு சொந்தக் கப்பலே வாங்கத் துணிந்தார். 'காலியா', 'லாவோ' என இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அடுத்து மூண்டது கட்டணப் போர். தலைக்கு ஒரு ரூபாய் என்று இறக்கினான் வெள்ளையன். எட்டணா என்று இறங்கினார் தமிழர். கட்டணமே வேண்டாம், குடையும் தருகிறேன் என்றான் வெள்ளையன்.

ஏரி நீரை உடையவன் எத்தனை நாள் வேண்டுமானாலும் இறைப்பான். குடத்து நீரை உடையவன் எத்தனை நாள் இறைப்பான்? இதுதான் அந்தப் போரின் இரகசியம். பல துறைமுகங்களில் பணம் பண்ணிய கம்பெனி, ஒரு துறைமுகத்தில் நட்டப்படலாம். ஒரே துறைமுகத்தை நம்பிய கம்பெனி அப்படிச் செய்ய முடியாது. சுதேசிக் கப்பல்கள் ஆளின்றி ஓடின. பண பலம் போதாதென்று படை பலமும் வந்தது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை என்றார் நீதிபதி பின்ஹே. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, செக்கிழுப்பது குறையவில்லை. 1911-ம் ஆண்டில் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதன்பிறகு கட்டணத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மீண்டும் ஒருவனுடைய விருப்பமாயிற்று. கேட்க ஆளில்லை, ஏற வேறு கப்பலில்லை. குடை கிடைத்ததே என்று குதூகலித்தவன், தன் உரிமையைக் கொடுத்துவிட்டுக் குடையை வாங்கிவந்தான் என்பதை அறிந்தானா?

இந்தச் சூழ்ச்சிக்கு இன்றைய சட்டத்திலே பெயரிருக்கிறது. அடக்க விலைக்கும் கீழே விற்று, போட்டியாளனை ஒழித்துவிட்டு, பிறகு களத்தைத் தனதாக்கிக்கொள்ளும் நோக்கத்தோடு வைக்கும் விலையை 'வேட்டை விலை' எனலாம். ஆதிக்க நிலையில் உள்ள ஒரு நிறுவனம் இப்படிச் செய்வதை இந்தியப் போட்டிச் சட்டத்தின் 4-ம் பிரிவு தடை செய்கிறது. வேண்டியவருக்கு ஒரு விலை, வேண்டாதவருக்கு ஒரு விலை என்பதையும், பிறர் சந்தைக்குள் நுழைய முடியாதபடி கதவடைப்பதையும், கேட்ட சரக்குடன் கேட்காத சரக்கையும் கட்டி விற்பதையும் அதே பிரிவு தடுக்கிறது.

"சட்டம் வந்துவிட்டதல்லவா, இனி என்ன கவலை?" என்று கேட்போர் உண்டு. சட்டம் வேண்டும், சட்டம் மட்டும் போதாது. அது யார் கையில் இருக்கிறது, யார்மீது பாய்கிறது, எப்போது பாய்கிறது என்பதே கேள்வி. அதற்கு விடை தேட முதலில் அமெரிக்கா சென்று வருவோம்.

சுதேசிக் கம்பெனி கலைந்த அதே 1911-ம் ஆண்டில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. எண்ணெய் வேந்தர் ராக்பெல்லரின் 'ஸ்டாண்டர்டு ஆயில்' கம்பெனியை 34 கூறுகளாகப் பிரிக்கவேண்டும் என்பது தீர்ப்பு. அந்தக் கம்பெனி என்ன செய்தது? இரயில் கம்பெனிகளுடன் இரகசிய உடன்பாடு பேசிற்று. தன் எண்ணெய்க்கு வாடகையில் தள்ளுபடி வாங்கியது. அது மட்டுமா? போட்டியாளன் கட்டும் வாடகையிலும் ஒரு பங்கைத் தனக்குத் தரவேண்டும் என்றது! அதாவது, எதிரி ஒவ்வொரு பீப்பாயை அனுப்பும்போதும் இவன் பெட்டியில் பணம் விழும். ஐடா டார்பெல் என்ற பெண்மணி, எண்ணெய் எடுப்போர் குடும்பத்தில் பிறந்தவர், இந்தக் கதையை 1902 முதல் பத்திரிகையில் தொடராக எழுதினார். நாடு கொதித்தது. 1890-ம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்த ஷெர்மன் சட்டம் கடைசியில் எண்ணெய் வேந்தரின் வாசற்படி ஏறியது.

ஆகா, அமெரிக்கச் சட்டத்தின் அருமையே அருமை என்று கை தட்டிவிடாதீர்கள். கதையின் மறுபக்கமும் உண்டு. சிதம்பரனார் சிறைப்பட்ட அதே 1908-ம் ஆண்டில், தொப்பி செய்யும் தொழிலாளர் சங்கத்தின்மீது அதே ஷெர்மன் சட்டம் பாய்ந்தது. ஒரு முதலாளியின் தொப்பியை வாங்காதீர் என்று தொழிலாளர் சொன்னது, வணிகத்துக்கு விரோதமான சதியாம்! முதலாளிகளின் கூட்டை உடைக்க வந்த சட்டத்தை, தொழிலாளர்களின் கூட்டை உடைக்கத் திருப்பிவிட்டார்கள். 1914-ம் ஆண்டில் கிளேட்டன் சட்டம் வந்துதான், மனித உழைப்பு விற்பனைச் சரக்கு அன்று என எழுதி வைத்தது. கத்தி ஒன்றுதான், காய் நறுக்கவும் ஆகும், கழுத்தறுக்கவும் ஆகும். பிடித்திருக்கும் கையைப் பார்க்க வேண்டும்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம்.

செல்வம் சிலர் கையில் குவிந்து பலருக்குக் கேடு விளைவிக்கும்படி பொருளாதாரம் நடைபெறக் கூடாது என்று இந்திய அரசியல் சட்டத்தின் 39-ம் பிரிவு சொல்லுகிறது. சொன்னபடி நடந்ததா என்று பார்க்க 1964-ல் நீதிபதி தாஸ் குப்தா தலைமையில் ஏகபோக விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 75 தொழில் குடும்பங்களின் கையில், வங்கிகள் நீங்கலான தனியார் கம்பெனிகளின் சொத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பங்கு குவிந்திருப்பதை அக்குழு 1965-ல் எடுத்துக் காட்டியது. கோடிக் கணக்கான மக்கள் வாழும் நாட்டில், 75 வீடுகள்! 1969-ல் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைச் சட்டம் வந்தது. 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துடைய குழுமங்கள் விரிவடைய வேண்டுமானால் துரைத்தனத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்றார்கள். ஒப்புதல் என்ற வாசல் திறந்ததும், வாசற்காவலனைக் கண்டு வணங்கும் வழியும் திறந்தது. 1985-ல் 20 கோடி 100 கோடியாயிற்று. 1991-ல் அந்தக் கட்டுப்பாடே நீக்கப்பட்டது.

பிறகு பிறந்தது 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம். பிறந்த குழந்தை எழுந்து நடக்க ஏழாண்டு பிடித்தது. வழக்குகளும் திருத்தங்களும் தாண்டி, முக்கியமான 3, 4-ம் பிரிவுகள் நடைமுறைக்கு வந்த நாள் 2009 மே 20. இந்தச் சட்டம் பழையதிலிருந்து வேறானது. பெரியவனாக இருப்பது குற்றமன்று என்கிறது. பெருமையைக் கொண்டு பிறரை நசுக்குவதுதான் குற்றம் என்கிறது. போட்டியாளர் என்று வெளியே சொல்லிக்கொண்டு உள்ளே உறவாடுவதும் குற்றம் என்கிறது. விலையைக் கூடிப் பேசுவது, உற்பத்தியைக் கூடிக் குறைப்பது, ஊரைப் பாகம் பிரித்துக்கொள்வது, ஒப்பந்தப் புள்ளியில் ஒத்துப்போவது ஆகிய நான்கையும் 3-ம் பிரிவு தனியாகச் சுட்டி, இவை நடந்தாலே கேடு விளைந்ததாகக் கொள்ளலாம் என்கிறது.

நான் நாடகம் எழுதுபவன். ஆகவே இதை ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன், கற்பனைக் காட்சிதான்.

திரை விலகுகிறது. குளிர்ந்த கூடம். நீண்ட மேசை. நான்கு சீமான்கள்.

முதல் சீமான்: "நமக்குள் போட்டி எதற்கு? போட்டி போட்டால் வாங்குபவனுக்கல்லவா இலாபம்?"

இரண்டாம் சீமான்: "வடக்கு எனக்கு, தெற்கு உமக்கு."

மூன்றாம் சீமான்: "ஆலையைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவோம். சரக்கு குறைந்தால் விலை தானாக ஏறும்."

நான்காம் சீமான்: "மாலையில் கூட்டம் ஒன்றில் பேசவேண்டும். தலைப்பு, 'தடையற்ற வணிகமே நாட்டின் உயிர்நாடி!'"

திரை விழுகிறது. நகைக்கிறீர்களா? நகைப்பதற்கு முன், ஆணையத்தின் ஏடுகளைப் புரட்டுங்கள்.

நெல்லையும் கோதுமையையும் புழு பூச்சி தின்னாமல் காக்க, கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். 2009-ல் இந்திய உணவுக் கழகம் அந்த மாத்திரைக்கு ஒப்பந்தப் புள்ளி கேட்டது. மூன்று கம்பெனிகள் மூடி முத்திரையிட்ட உறைகளைக் கொடுத்தன. உறையைப் பிரித்தார்கள். முதல் உறையில் கிலோவுக்கு 388 ரூபாய். இரண்டாம் உறையில் 388 ரூபாய். மூன்றாம் உறையிலும் 388 ரூபாய்! அடக்கச் செலவு ஒன்றா? ஆலை இருக்கும் ஊர் ஒன்றா? விலை மட்டும் எப்படி ஒன்றாயிற்று? ஆணையம் இது கூட்டுச்சதி என்றது. 2017-ல் உச்ச நீதிமன்றமும் ஆம் என்றது. ஏழையின் உலையில் வேகவேண்டிய தானியத்தைக் காக்கும் மருந்திலே நடந்த கூத்து இது.

கைவிளக்குக்குப் போடும் பாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு நீர் பாய்ச்ச நள்ளிரவில் செல்லும் உழவனின் கையில் இருக்கும் பொருள். பானசோனிக், எவரெடி, நிப்போ ஆகிய மூன்று பெயர்களில் விற்ற நிறுவனங்கள், விலையைக் கூடிப் பேசி ஏற்றிவந்தன என்று 2018 ஏப்ரலில் ஆணையம் முடிவு சொன்னது. எவரெடிக்கு 171 கோடி ரூபாய்க்கு மேலும், நிப்போ விற்கும் நிறுவனத்துக்கு 42 கோடிக்கு மேலும் தண்டம். பானசோனிக்குக்குத் தண்டம் முழுவதும் தள்ளுபடி! ஏன்? அதுதான் முதலில் ஓடிவந்து உண்மையைச் சொன்னது. சதிகாரருள் எவன் முதலில் காட்டிக்கொடுக்கிறானோ அவனுக்குத் தண்டனையை முழுதும் தள்ளலாம் என்று சட்டத்தின் 46-ம் பிரிவு இடம் தருகிறது. காட்டிக்கொடுப்பவனுக்குப் பரிசா என்று நம் மனம் கசக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு செய்யும் வேலையைப் பாருங்கள். மேசையைச் சுற்றி அமர்ந்த ஒவ்வொரு சீமானும் பக்கத்துச் சீமானை ஐயத்தோடு பார்க்கவேண்டும். கூட்டுக் கொள்ளையருக்குள் நம்பிக்கை நாசமானால் நாட்டுக்கு நன்மைதான்.

"பெரிய நிறுவனம் இருப்பதால்தானே சரக்கு மலிவாகக் கிடைக்கிறது? சட்டம் காட்டி மிரட்டினால் முதல் போடுபவன் ஓடிவிடமாட்டானா?" என்று பொருளாதாரப் புலவர்கள் கேட்கிறார்கள். கேள்வி தக்கதுதான், பதிலும் சொல்லவேண்டும். திறமையாலே மலிவாக விற்பவனை இந்தச் சட்டம் தீண்டுவதில்லை. நல்ல சரக்கு செய்து நாடு முழுவதும் விற்று வளர்ந்தவனைத் தண்டிப்பதில்லை. அவன் வளர்ந்த ஏணியை, ஏறியபின் எட்டி உதைத்துவிட்டு, இனி யாரும் ஏறக்கூடாது என்று சொல்லும்போதுதான் கையைப் பிடிக்கிறது. முதல் போடுபவன் ஓடிவிடுவான் என்கிறீர்களே, சிதம்பரனாரும் முதல் போட்டவர்தாமே? அவரை நம்பிப் பங்கு வாங்கியவர்களும் முதல் போட்டவர்கள்தாமே? அவர்கள் போட்ட முதல் கரைந்தது சட்டம் இருந்ததாலா, காக்கும் சட்டம் இல்லாததாலா?

பழைய குடை இன்று புதிய துணி போர்த்திக்கொண்டு வருகிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியை எடுத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கைபேசி செய்பவருக்குக் கூகுள் இலவசமாகத் தருகிறது. ஆனால் கூகுளின் செயலிக் கடை வேண்டுமென்றால், கூகுளின் தேடுபொறியும் உலாவியும் மற்றச் செயலிகளும் சேர்ந்தே ஏறவேண்டும் என்று நிபந்தனை இருந்தது. கடை இல்லாத கைபேசியை யார் வாங்குவார்? ஆகவே கையொப்பமிட்டார்கள். இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று 2022 அக்டோபரில் ஆணையம் 1,337 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதிசெய்தது. ஆணையம் இட்ட பத்துக் கட்டளைகளில் நான்கை நீக்கிவிட்டது. இலவசமாகத் தருபவன் எதை எடுத்துக்கொள்கிறான் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். தூத்துக்குடியில் எடுத்துக்கொண்டது கடல் வழி. இங்கே எடுத்துக்கொள்வது, நாம் எதைத் தேடுகிறோம், எதைப் பார்க்கிறோம் என்ற தகவல். அதன் வழியே விளம்பர வணிகம்.

ஆணையம் இருக்கிறது, தண்டமும் விதிக்கிறது. பிறகு என்ன குறை? குறை இரண்டு. முதற்குறை, காலம்.

சிமெண்டு வழக்கைக் கேளுங்கள். கட்டடத் தொழில் செய்வோர் சங்கம் 2010-ல் முறையிட்டது. 2012 ஜூனில் ஆணையம், 11 சிமெண்டுக் கம்பெனிகள் கூடி விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தின என்று சொல்லி, 6,300 கோடி ரூபாய் அளவுக்குத் தண்டம் விதித்தது. அவற்றுள் தமிழ்நாட்டுக் கம்பெனிகளும் இருந்தன. கம்பெனிகள் குற்றத்தை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போயின. 2015 டிசம்பரில் தீர்ப்பாயம் அந்த உத்தரவைத் தள்ளியது. வாதத்தைக் கேட்காத தலைவர் தீர்ப்பில் கையொப்பமிட்டது முறையன்று என்றது. 2016 ஆகஸ்டில் ஆணையம் மறுபடி விசாரித்து, மறுபடி 6,000 கோடிக்கு மேல் தண்டம் விதித்தது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டில் அது உறுதியாயிற்று. முடிந்ததா? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்பீலை ஏற்று, தண்டத்தில் பத்தில் ஒரு பங்கைக் கட்டச் சொன்னது. 2010-ல் கடன் வாங்கி ஒரு மூட்டை சிமெண்டு வாங்கியவன் வீடு கட்டி, குடியேறி, சுவரில் விரிசலும் கண்டுவிட்டான். வழக்கு மட்டும் படியேறிக்கொண்டே இருந்தது. முறைப்படி விசாரிக்கவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அது குற்றம் சாட்டப்பட்டவனின் உரிமை. ஆனால் முறையை முதலிலேயே ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் நான்காண்டுகள் வீணாகியிருக்குமா?

இரண்டாம் குறை, பணம். மாத்திரை வழக்கில், ஒரு கம்பெனிக்கு ஆணையம் விதித்த தண்டம் 252 கோடி ரூபாய். கம்பெனியின் மொத்த விற்பனையைக் கணக்கில் எடுக்காதே, அந்த மாத்திரையின் விற்பனையை மட்டும் எடு என்று மேல்முறையீட்டில் சொன்னபின், அது 7 கோடிக்கும் கீழே இறங்கியது. பல சரக்கு விற்பவன் ஒரு சரக்கில் சதி செய்தால் இவ்வளவுதான் இழப்பு என்றால், அதை அவன் வணிகச் செலவு என்று எழுதிக்கொள்ள மாட்டானா? 2023-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லாச் சரக்குகளின் உலகளாவிய விற்பனையையும் கணக்கில் கொள்ளலாம் என்பது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போகுமுன் தண்டத்தில் கால் பங்கைக் கட்டவேண்டும் என்றும் விதித்தார்கள். நல்லதை யார் செய்தாலும் நல்லது என்போம்.

ஆனால் அந்தத் தண்டப் பணம் எங்கே போகிறது? இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. ஏமாந்தவன் வீட்டுக்குப் போவதில்லை. 53-ந-பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். பலர் சேர்ந்தும் கேட்கலாம். ஆனால் ஒரு பாட்டரிக்குச் சில காசுகளை அதிகம் கொடுத்தவன், டில்லித் தீர்ப்பாயத்தில் வக்கீல் வைத்து வாதாடுவானா? அமெரிக்கர் 1890-லேயே, சதியால் இழந்தவன் இழப்பைப்போல மூன்று மடங்கு கேட்கலாம் என்று எழுதிவைத்தார்கள். நம் சட்டத்தில் கொள்ளையடித்தவனுக்குத் தண்டம் உண்டு. கொள்ளை போனவனுக்குக் கதவு மட்டும் இருக்கிறது, கதவு வரைக்கும் வழியில்லை. தண்டத்தில் ஒரு பகுதியை அந்தச் சரக்கை வாங்கியோரின் நன்மைக்கென்று ஒதுக்கவேண்டும். நுகர்வோர் சங்கம் ஒன்று கேட்டாலே அனைவருக்கும் இழப்பீடு கிடைக்க வழி செய்யவேண்டும். இதுவே நாம் எழுப்பவேண்டிய கோரிக்கை.

கோரிக்கை எழுப்பிவிட்டுக் கை கட்டி நிற்கலாமா? இங்கேதான் உங்களிடம் நான் கொஞ்சம் கசப்பாகப் பேசவேண்டியிருக்கிறது.

388, 388, 388 என்ற அந்த மூன்று உறைகள் டில்லியில் மட்டுமா திறக்கப்படுகின்றன? ஊராட்சி ஒன்றியத்தில் சாலை போடுவதற்கு ஒப்பந்தப் புள்ளி கேட்கிறார்கள். நான்கு பேர் உறை கொடுக்கிறார்கள். மூவருடைய விலை வேண்டுமென்றே கூடுதல். ஒருவருடைய விலை அதைவிடச் சற்றுக் குறைவு. இம்முறை அவருக்கு, அடுத்த முறை இவருக்கு. இது ஊரார் அறிந்த இரகசியம். சட்டத்தின் கண்ணில் சிமெண்டுச் சீமான் செய்வதும் இந்தச் சாலைக் குத்தகைக்காரர் செய்வதும் ஒரே குற்றம். ஒருவேளை, அந்த நால்வரில் ஒருவர் நம் கொடி கட்டிய வண்டியில் வந்தவராக இருந்தால்? மேடையில் நாம் ஏகபோகத்தைச் சாடுகிறோம். மேடைக்குப் பின்னால் உறைகளை ஒட்டுகிறவன் நம்மவன் என்றால் நம் சொல்லுக்கு மதிப்பேது? மழைக்கு முதல் நாள் போட்ட சாலை மழைக்கு மறுநாள் காணாமற்போகும்போது, குழியில் விழுபவன் கட்சி பார்த்து விழுவதில்லை.

துரைத்தனம் நடத்தும் நிறுவனத்துக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று 2023 ஜூனில், கோல் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு முன் துரைத்தனமே தலை வணங்கவேண்டுமென்றால், துரைத்தனத்தைப் பிடிக்க நினைக்கும் நாம் முதலில் வணங்கவேண்டாமா?

ஆகவே தோழர்களே, அறிந்துகொள்ளுங்கள். இந்தச் சட்டத்தின்கீழ் முறையிட நேரடியாக இழப்பு அடைந்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. எவரும் தகவல் கொடுக்கலாம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. சங்கம் கொடுக்கலாம். மாநிலத் துரைத்தனமும் ஆணையத்துக்கு எழுதலாம். ஆனால் நடந்து மூன்று ஆண்டுக்குள் சொல்லவேண்டும். பிந்தினால் தக்க காரணம் காட்டவேண்டும். 2021-லேயே சென்னையில் ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் திறந்தாயிற்று. டில்லி தொலைவு என்ற சாக்கும் போயிற்று. ஒன்றியத்தில் உறை திறக்கும் நாளில் அங்கே இருங்கள். விலைகளை எழுதி வையுங்கள். ஒரே ஊரில் எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் ஒரே அளவு விலை ஏறினால், ஏறிய நாளைக் குறித்துவையுங்கள். விலை ஒன்றாக ஏறியதாலேயே சதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூலப் பொருள் விலை ஏறினாலும் எல்லோரும் ஏற்றுவார்கள். கூடிப் பேசியதற்குச் சான்று வேண்டும். கூடிய இடம், கூடிய நாள், சுற்றுக்கு விட்ட கடிதம், ஒரே கையெழுத்தில் எழுதிய இரு உறைகள் முதலியவைதாம் சான்று. பழி தூற்றுபவனிடம் ஆவேசம் இருந்தால் போதும். வழக்கு நடத்துபவனுக்கு ஆதாரம் வேண்டும்.

சிதம்பரனாருக்கு மக்கள் அன்பு இருந்தது. மாபெரும் நெஞ்சுரம் இருந்தது. இல்லாதவை இரண்டு. அவரைக் காக்க ஒரு சட்டமில்லை. சட்டத்தைச் செய்யும் உரிமை அவருடைய மக்களின் கையிலில்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன. சட்டப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. வாக்குச் சீட்டு நம் கையிலிருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு, இன்னொரு சிதம்பரனாரின் கப்பல் ஆளின்றி ஓடுவதை நாம் பார்த்துக்கொண்டிருந்தால், பழியை வெள்ளையன்மீது போட முடியாது. நாளை ஊர் மன்றத்தில் கூடும்போது முதல் வேலையாக, இந்த ஆண்டு நம் ஒன்றியத்தில் திறந்த உறைகளின் விலைப்பட்டியலைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்.